ஜன்னலுக்குக் கீழே ஒரு கழுத்து

"கூகைக்கட்டு எண்டு அண்டைக்கே சொன்னனான்..."

"நாங்களும் பொன்னுக்கு வீங்கின்னு இரவல் சங்கிலி வாங்கிப் போட்டோமுங்க, வத்தலையே..."

"குறுக்கை கதையாதை. அதுக்கு முந்திப் பேன் எண்டு சொன்னனான்."

"அதுக்குத்தான் புள்ளைக்கு மொட்டை அடிச்சோம். பேன் போயிருச்சு, கழுத்துல கட்டுன நெறி போகலைங்களே டாக்டரய்யா."

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியம் ஜன்னல் வழியாகத்தான். உள்ளே துரைராசா. மருந்து கலக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலையேறியதும் டாக்டரய்யா ஆகிவிட்டவர். வெளியே தூறலில் கொழுந்துக்காரி பேச்சியம்மா. ஜன்னல் கட்டை அவள் மார்பு உயரம். மகள் பூரணி எவ்வளவு எக்கினாலும் உள்ளே போய்ச் சேர்வது மொட்டைத் தலையும் நீட்டிய நாக்கும்தான். கழுத்து கட்டைக்குக் கீழேயே நின்றுவிடும். கீழே நிற்பதை எட்டிப் பார்க்கும் வழக்கம் ஐயாவுக்கு இல்லை.

சித்திரையில் புளியங்கொட்டையாக இருந்த நெறி ஆடியில் பாக்களவு ஆகிவிட்டது. பிள்ளை சோற்றைத் தொடுவதில்லை. சட்டை தோளில் நிற்பதில்லை. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் அம்மாக்கண்ணுவின் மகனுக்கும் கழுத்தில்தான் தொடங்கியது. மாசியில் அவனைப் புதைத்தார்கள்.

"ஒருவாட்டி தொட்டுப் பாத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்கய்யா."

"பிள்ளை, நோகுதோ?"

"இல்லைங்க," என்றாள் பூரணி.

"நோகாட்டிப் பிறகென்ன வருத்தம்? போத்திலைக் கொண்டா."

வயிற்றுக்கடுப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீர் பாதிப் போத்தல்வரை ஏறியபோது, பங்களா வேலைக்காரன் சோலைமலை குடையோடு ஓடிவந்தான்.

"ஐயா, துரைசாணி கையோட கூட்டியாரச் சொன்னாங்க. நாய்க்குக் கழுத்துல கட்டியாம்."

ஜன்னல் மூடிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் ஐயா ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று லயமே பார்த்தது. பேச்சியம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே மேடேறினாள்.

பங்களாப் புல்வெளியில் ஐயா ஈரத்தில் முழந்தாளிட்டு நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கி நின்ற துரைசாணிக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை, நாயைப் பிடித்திருந்த சோலைமலைக்குத் தமிழில் ஒரு பாட்டம்.

"ஆடாமப் பிடி. கட்டி கல்லு மாதிரியோ, மெத்தெண்டோ? விரலுக்கை உருளுதோ, ஒட்டிக் கிடக்குதோ? எல்லாம் பாக்கவேணும். கக்கத்தையும் தொடையிடுக்கையும் தடவவேணும். சாப்பாடு குறைஞ்சுதோ? மெலிஞ்சுதோ?"

"நல்லாத்தான் திங்குது. தொட்டா மட்டும் கத்துதுங்க."

"அப்ப பயமில்லை. நோகாத கட்டியைத்தான் நம்பக்கூடாது."

பேச்சியம்மா பூரணியை இறக்கி, நாய்க்குப் பக்கத்தில் புல்லில் உட்கார வைத்தாள். நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். ஐயா எழுந்து, கை கழுவக் குழாய்ப் பக்கம் திரும்பினார்.

"கழுவாதீங்கய்யா. அந்தக் கையோடயே எம் புள்ளை கழுத்தையும் தொட்டுப் பாத்துருங்க."