ஆயிரத்தில் காணாமல்போன அறுபத்தொன்பது

1

அன்று இருந்தவர்கள்: என் மாமியார், ஜன்னல் ஓரத்து நாற்காலியில். என் மனைவி, கட்டில் விளிம்பில், மடித்த துணிகளுக்கு நடுவே. அவள் தங்கை, தரையில், பீரோவில் முதுகைச் சாய்த்து. அந்தத் தங்கையின் கணவர், அதாவது என் சகலை, என் மேஜைமுன், என் நாற்காலியில். நான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேலே உள்ள கடைசி இரண்டு வாக்கியங்களிலிருந்துதான். பொறாமையில் பிறந்த கதை. முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

நான் கதை எழுதிப் பழகியவனும் அல்ல. குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் பிழைப்பு. பொருள், பார்வை, பதில் என்று வரிசையாகப் போனால்தான் எனக்குக் கை ஓடும்.

2

பொருள்: ஒரு ஹார்ட் டிஸ்க். சகலை வாங்கி வந்தது. பெட்டிமேல் ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி என்று போட்டிருந்தது.

மாமனார் போன வருடம் தவறிப்போனார். அதற்கு முன் அவரை உட்காரவைத்துப் பேசச்சொல்லி, நல்ல கேமராவில் படம்பிடித்திருந்தார் சகலை. [எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.] அந்தப் படமும், குடும்பத்தின் மற்ற படங்களும் அவருடைய அலுவலக லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது ஜிபி என்று அதுவே காட்டியது.

டிஸ்கை என் கம்ப்யூட்டரில் செருகினார். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்று காட்டியது.

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"என்னங்க சகலை, ஆயிரத்துல அறுபத்தொன்பதைக் காணோமே. கடைக்காரன் உங்க தலையில நல்லா மிளகா அரைச்சிட்டான் போல."

அவர் சிரித்தார். எல்லா டிஸ்கும் இப்படித்தான் காட்டும், ஏன் என்று தெரியாது என்றார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மிளகாய் என்னுடையது, சிரிப்பு அவருக்கு.

கொள்ளாததை விட்டுவிடலாம், எதை விடுவதென்று பெரிய மாப்பிள்ளையே முடிவு செய்யட்டும், அவர் ஒழுங்காகச் செய்வார் என்று அத்தை சொன்னாள். சின்ன மாப்பிள்ளை என்றால் அன்பு, பெரிய மாப்பிள்ளை என்றால் ஒழுங்கு. ஏற்றி முடித்ததும் டிஸ்கை அத்தைக்கு அனுப்பச்சொல்லி, லேப்டாப்பையும் டிஸ்கையும் என்னிடம் விட்டுவிட்டு மூவரும் ஊருக்குப் போனார்கள்.

3

சகலையை அயோக்கியனாக்கி ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

*மலிவாகக் கிடைக்கிறதே என்று அவர் அந்தச் சந்துக் கடையில் பேரம்பேசி*

இதற்குமேல் ஓடவில்லை. அவர் பேரம் பேசுகிறவர் அல்ல. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இருப்பதிலேயே பெரியது மாமனார் பேசும் படம். அந்த ஒன்றை விட்டால் மிச்சமெல்லாம் கொள்ளும். கணக்கு சுத்தம். விடுவதற்கு முன் போட்டுப் பார்த்தேன்.

சின்ன மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது, செல்போன் கற்றுக்கொடுத்தது. பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து சகலையின் குரல்: "பெரிய மாப்பிள்ளை பத்திச் சொல்லுங்க மாமா."

மாமனார் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார்.

"அவரா? அவரு கையெழுத்து நல்லாருக்கும்."

பிறகு தண்ணீர் கேட்டார்.

4

கடைக்காரருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். சரிபார்க்காமல் எண்ணைக் குறிப்பிடக்கூடாது என்பது என் வேலையின் பழக்கம். அதனால் கணக்குப் போட்டேன். போட்டிருக்கக்கூடாது.

டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். என் கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்கு, ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. பைட்டிலிருந்து ஜிபிவரை மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் எண் கொஞ்சம் சுருங்கி, ஆயிரம் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாகிறது. சரக்கு அப்படியே இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அதே டிஸ்கை லேப்டாப்பில் செருகினேன். ஆயிரம் என்று காட்டியது. லேப்டாப் ஆயிரக் கணக்கு! அப்படியென்றால் அது சொன்ன தொள்ளாயிரத்து அறுபது, என் கம்ப்யூட்டரில் தொள்ளாயிரத்தைக்கூடத் தொடாது. நெல்லை ஒரு படியால் அளந்து, பத்தாயத்தை இன்னொரு படியால் அளந்திருக்கிறோம். எதையும் விட வேண்டாம், எல்லாம் கொள்ளும்.

(இது எனக்கு மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.)

5

முடிவு ஒன்று: இடம் போதவில்லை என்று அத்தைக்கு எழுதுகிறேன். ஒழுங்கானவன் சொன்னால் நம்புவார்கள். லேப்டாப் போய்விடும், படமும் போய்விடும்.

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் ஏற்றுகிறேன். "அவரு கையெழுத்து நல்லாருக்கும்" என்பதை அத்தை ஆயுள் முழுக்கக் கேட்கிறாள்.

முதல் முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து, எல்லாம் கொண்டதா என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அப்பா பேசினதை நான் இன்னும் கேக்கலைங்க. பயமா இருக்கு. ஊருக்குப் போய், அம்மா கேக்கறப்போ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்."

அவள் போனபின் படத்தை மறுபடி ஓட்டினேன். தண்ணீர் குடித்து முடித்த மாமனாரிடம் சகலை மெதுவாகக் கேட்கிறார்: "பெரியவரைப் பத்தி இன்னும் ஏதாவது சொல்லுங்களேன் மாமா." கேமரா நகராமல் காத்திருக்கிறது. மாமனார் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார்.

காத்திருக்கிற மனிதனை வைத்து அயோக்கியன் கதை எழுத முடியாது. என் பொறாமை குறையவில்லை, கூடித்தான் போயிற்று; இனி அதற்குச் சொல்லிக்கொள்ளக் காரணமும் இல்லை. எல்லாவற்றையும் ஏற்றினேன்.

6

அன்புள்ள அத்தைக்கு,

பொருள்: ஹார்ட் டிஸ்க். குறைவு எதுவும் இல்லை, எண்ணும் முறைதான் வேறு. எல்லாம் கொண்டுவிட்டது. சின்ன மாப்பிள்ளை வாங்கியது நல்ல

சின்ன மாப்பிள்ளையைப் பொறுத்தவரை

சின்ன மாப்பிள்ளை சரியானதைத்தான் வாங்கியிருக்கிறார். மாமா பேசும் படம் முதலில் இருக்கிறது. அவர்தான் எடுத்தார்.

சின்ன மாப்பிள்ளை பற்றி மூன்றாவதாக எழுதியதைத்தான் அனுப்புகிறேன், முதல் இரண்டையும் அடித்துவிட்டேன். மாமனார் என்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அத்தை சிரிப்பாளா, நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்ப்பாளா, நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் சகலையைக் கொஞ்சம் மட்டமாக எழுதுங்கள், என்னால் முடியவில்லை.

கூரியர்காரர் வாசலில் வந்து நின்றார். உறையை ஒட்டி, டிஸ்குப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.