வெற்றிலை சுற்றிய படலம்

மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உமாராணிக்குத் தோன்றியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. அதற்குள் அய்யாசாமி அவள் செய்த மெல்லிய படலத்தில் சுற்றிய வெற்றிலையை ரசித்து மென்று, அதன் பெருமையைப் பக்கத்து பிளாக் வரை பரப்பியும் விட்டார்.

அய்யாசாமி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதப் பூசம் தவறாமல் வடலூருக்குப் போய் அன்னதானத்தில் பரிமாறுகிறவர். மீன், கறி என்று வாயால் சொல்லவும் மாட்டார், 'அது' என்பார். நடைப்பயிற்சியில் கூட வரும் கலியமூர்த்தி ஞாயிற்றுக்கிழமை 'அது' வாங்கப் போனால், திங்கட்கிழமை காலை அவருக்கு ஜீவகாருண்யம் பற்றி நீளமாக ஒரு வகுப்பு நடக்கும்.

உமாராணி சிதம்பரத்தில் வேதியியல் ஆய்வு மாணவி. இரண்டு பாலிமர்களைக் கலந்து, கிருமியை அண்டவிடாத மெல்லிய படலம் செய்வது அவள் ஆராய்ச்சி. ஒன்று கைட்டோசான். கிருமியோடு மல்லுக்கு நிற்கும். ஆனால் தனியாகக் காயவைத்தால் அப்பளம் மாதிரி முறிந்துபோகும். இன்னொன்று பாலிவினைல் ஆல்கஹால். இழுத்த இழுப்புக்கு வளையும். ஆனால் ஈரம் பட்டால் குழைந்துவிடும், கிருமிகள் அதன்மேல் சுகமாகக் குடித்தனம் நடத்தும். இரண்டையும் அளவு பார்த்துக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தால், ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். அந்த அளவைப் பிடிப்பதற்குள் அவளுக்கு முன்நெற்றி முடியில் நரை கண்டுவிட்டது.

வீட்டுப் பண்டங்களில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கச் சில படலத் தாள்களைக் கொண்டுவந்து தேங்காய் மூடியைச் சுற்றி வைத்திருந்தாள். மீதி கிடந்ததில் ஒன்றை எடுத்து அய்யாசாமி வெற்றிலையை மடித்து வைத்தார். ஊர்க் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோதும் வெற்றிலை பறித்த மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து அவர் தினம் ஒரு தாள் கேட்டார். அவளும், புகழ்ச்சி காதுக்கு இனிமையாக இருந்ததால், கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து வருகிறது என்பது வீட்டில் அவளுக்கும் கணவன் செந்தில்நாதனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"இறாலு, கூடவே ஆல்கஹாலு. அப்பாவுக்குத் தினமும் விருந்துதான்" என்றான் செந்தில், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே.

"சும்மா இருங்க. அது குடிக்கிற ஆல்கஹால் இல்ல, பேருதான் அப்படி."

"அப்ப இறாலும் வெறும் பேருதானா?"

அவன் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினான்.

மறுநாள் அய்யாசாமி வாயெல்லாம் சிவக்கக் கூடத்துக்கு வந்தார். "உமா, பூசத்துக்குப் போறப்ப ஒரு கட்டு ஷீட்டு வேணும்மா. அன்னதானத்துக்கு வாங்குற கறிவேப்பிலை, மல்லியெல்லாம் அதுல சுத்தி வச்சா வாடாது. நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லிட்டேன்."

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் சாப்பாடு இறங்காது என்று உமாராணிக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்தபடி, "மாமா, அது இறால் ஓட்டுல இருந்து எடுக்குறது" என்றாள்.

அய்யாசாமி மெல்லுவதை நிறுத்தினார். எழுந்துபோய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"அதுக்காகவே பிடிச்சுக் கொல்றாங்களா?"

"இல்ல மாமா. சாப்பிடறவங்க உரிச்சு வீசுற ஓடுதான்."

"அப்ப கொன்ன பாவம் அவங்களோட போயிடும். சொல்லாத பாவம் உன்னோடது." குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "நாளைக்குக் காலையில நடக்கப் போறப்ப என்கூட வா. நீயே வந்து எல்லார்கிட்டயும் சொல்லு. நான் சொன்னா மூர்த்தி என்னை விடமாட்டான்."

அவள் போய்ச் சொன்னாள். அப்படியும் கலியமூர்த்தி விடவில்லை. வழியில் கிடந்த கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு வாரா வாரம் பாடம் எடுத்துகினு, நீங்க தினமும் இறாலு ஓட்டுல வெத்தலை மடிச்சிகினு இருந்தீங்களா? நான் ஞாயித்துக்கிழமை மட்டுந்தாங்க." அய்யாசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கியதும், "வேற எதுலயும் கெடைக்காதாம்மா அந்தச் சரக்கு?" என்று கலியமூர்த்தி கேட்டார்.

"காளான்லயும் இருக்குங்க. ஆனா கம்மியாதான் கிடைக்கும்."

கலியமூர்த்தியின் மகள் சங்கீதா குறிஞ்சிப்பாடிப் பக்கம் காளான் வளர்க்கிறாள். அடித்தண்டை வெட்டி எருக்குழியில் போடுவது வழக்கம். அந்த வாரமே ஒரு மூட்டை அடித்தண்டு டூவீலரில் வந்து இறங்கியது.

உமாராணி அதைச் சிதம்பரத்துக்குச் சுமந்துபோய், காரக் கரைசலில் வேகவைத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி வேகவைத்துக் கைப்பிடியளவு தூள் எடுத்தாள். முதல் படலம் உரிக்கும்போதே கிழிந்தது. பாலிவினைல் ஆல்கஹாலைக் கூட்டினாள். வலு வந்தது, கிருமியை எதிர்க்கும் குணம் இறங்கியது. குறைத்தாள், மறுபடி கிழிந்தது. ஒருவழியாக இரண்டும் ஒத்துவரும் இடம் கிடைத்தபோது மழைக்காலம் வந்திருந்தது. இறால் படலத்தின் வலு இதற்கு இல்லைதான். ஆனால் இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பயப்படாமல் கொடுக்கலாம் என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை ருக்குமணி ஆய்வில் தனி அத்தியாயமே சேர்க்கச் சொல்லிவிட்டார்.

அய்யாசாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கைப்பேசியில் சோதனைத் தட்டின் படத்தைக் காட்டினாள். தட்டு முழுக்கப் பால் ஆடை போலக் கிருமி படர்ந்திருந்தது. நடுவில் வைத்த காளான் படலத் துண்டைச் சுற்றி மட்டும் கண்ணாடியாகத் தெளிந்த ஒரு வட்டம்.

"பாத்தீங்களா மாமா? இது சுத்த சைவம்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பெருமிதத்தில் மீசை லேசாக ஆடியது. பிறகு விரலை அந்த வட்டத்தின் மேல் வைத்தார்.

"இங்கயும் கிருமி இருந்துச்சில்ல? அதெல்லாம் எங்க போச்சு?"

"செத்துப்போச்சு மாமா" என்றாள் உற்சாகமாக.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். சமையலறையில் செந்தில் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமுவது கேட்டது. அய்யாசாமி கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதை மட்டும் நீ என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்மா" என்றார்.