பூட்டுக்குள்ளே ஒரு காலேஜ்

ஒத்தக்கடையில் புதிதாக மனை போட்ட இடத்தில் காசிமாயன் கட்டிய வீட்டுக்கு முதலில் இரும்புக் கேட், அதற்குப் பின்னால் கிரில், அதற்கும் பின்னால் தேக்குக் கதவு. கம்பி, சிமெண்ட் வியாபாரம் பண்ணுகிறவர் வீடு வேறு எப்படி இருக்கும்? ஒரு மாதமாக அந்தக் கிரில்லின் வெளிப்பக்கத்தில் ஒரு பூட்டும் சேர்ந்துகொண்டது. காலை ஒன்பதுக்குப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவார். மதியம் இரண்டுக்கு வந்து திறந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, மறுபடி பூட்டுவார். பூட்டுக்குள்ளே மகள் தமிழ்ச்செல்வியும் அவளைப் பெற்ற முருகம்மாளும் இருந்தார்கள்.

மகள் செய்த குற்றம் சின்னதில்லை. வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் கூடப் படிக்கிற பையன் ஒருவனோடு உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை தின்றுவிட்டாள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் அந்தப் பக்கமாகப் போனவர், அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டார். நூற்றுப் பதினான்கு பேர் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே அவளுடைய போன் கடைக் கல்லாவுக்குப் போனது. காலேஜுக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் போனது. அக்கம்பக்கத்துக்கும் அதே காமாலைதான்.

மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் காலை ஏழரைக்கே குளித்துவிட்டு வந்தாள். இஸ்திரி போட்ட நீலச் சுடிதார், மடிப்புக் கலையாமல் பின் குத்திய ஷால், கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், காதில் ஆடுகிற ஜிமிக்கி. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, காலில் செருப்பும் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்றாள்.

“யாருக்குக் காட்ட இம்புட்டுச் சோடிப்பு?” என்றாள் முருகம்மாள். புத்தி பிசகிவிட்டதோ என்று மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்குக் காட்டத்தான். காலேஜுக்குப் போறேம்மா.”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பீரோக் கதவில் சாக்பீஸால் கால அட்டவணை எழுதினாள். ஒன்பதரைக்குக் கெமிஸ்ட்ரி, பதினொன்றுக்கு இங்கிலீஷ், பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாடு. அட்டவணைக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘18 – கடைசி பிராக்டிகல், மதியம் 12.30’ என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். அந்தத் தேர்வை விட்டால் மூன்று வருசப் படிப்பும் கையெழுத்தில்லாத பத்திரம் மாதிரிதான்.

தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோனால் வாங்க மாட்டாள். “காலேஜுக்கு யாராச்சும் தட்டோட வருவாங்களாம்மா? டிபன் பாக்ஸ்ல குடு” என்பாள். முதலில் முருகம்மாளுக்கு எரிச்சல் வந்தது. பெற்ற கடனுக்கு டப்பாவில் அடைத்தாள். ஒரு வாரம் போனதும், எலுமிச்சைச் சோறா புளிச்சோறா, உருளைக்கிழங்கா முட்டையா என்று முந்தின நாளே யோசிக்க ஆரம்பித்தாள். நாலரை ஆனால் பின்கட்டுக் கதவு திறக்கும். “வந்துட்டேம்மா!” என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். காபி குடித்துக்கொண்டே காலேஜ் கதையெல்லாம் சொல்லுவாள். எந்த வாத்தியார் தூங்க வைப்பார், லேபில் யார் பீக்கரை உடைத்தது, கேன்டீன் வடையில் பருப்பு எத்தனை. மூன்று வருசம் மகள் போய்வந்த இடத்தை முருகம்மாள் இந்தப் பூட்டுக்குள் இருந்துதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்தப் பயல உனக்குப் புடிக்குமா?”

“புடிக்கும்தான். மாங்காயும் புடிக்கும். அதுக்காக மாமரத்தக் கட்டிக்கவா முடியும்? மொத ஒரு வேலைக்குப் போகணும்மா.”

முருகம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு ஒருநாள் ஆள் வந்தது. பக்கத்து வீட்டு சைனப் கீழாநெல்லியை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். கம்பி வழியாக உள்ளே பார்த்தவள் கண்ணில், ஜிமிக்கி ஆட நோட்டு எழுதிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி பட்டாள்.

“ஏக்கா, காமாலக்காரிக்கு இம்புட்டு லிப்ஸ்டிக்கா?” என்றாள். வாசல் பூட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “குடுத்துருங்க, ஒடம்புக்கு நல்லதுதான்” என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலேஜில் விழா என்று சொல்லி மகள் அம்மாவையும் இழுத்து உட்கார வைத்தாள். கல்யாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வரும் கிளிப்பச்சைப் பட்டை உடுத்தி, தலையைத் தூக்கி வாரிக் கொண்டை போட்டு, பத்து விரலுக்கும் அரக்கு நிறத்தில் நகச்சாயம் பூசிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது முருகம்மாளுக்கு யாரோ வேண்டியவள் விருந்துக்கு வந்திருப்பது போலத் தோன்றியது. இரண்டு மணிக்குள் புடவையை மாற்றிவிட்டாள். நகத்தை என்ன செய்வது? அதை அழிக்கிற மருந்து கடையில்தான் கிடைக்கும், கடை பூட்டுக்கு வெளியே இருந்தது.

ரசம் ஊற்றும்போது காசிமாயன் பார்த்துவிட்டார். “ஒனக்கு என்ன கேடு? யாருக்குக் காட்ட?”

மகளிடம் அன்று முருகம்மாளே கேட்ட கேள்விதான். தன் மேல் வந்து விழுந்தபோதுதான் அதன் சூடு தெரிந்தது. அப்பளத்தை வைத்துவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசலில் நின்று மணியடித்தான். முருகம்மாள் கிரில்லுக்கு உள்ளே வந்து நின்றாள்.

“தொறங்கக்கா, வெயிட்டா இருக்கு.”

“வீட்டுல ஆள் இல்லப்பா” என்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பூட்டைப் பார்த்தான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு சிலிண்டரை மறுபடி தோளில் ஏற்றினான். அவன் வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் அங்கேயே நின்றாள். பூட்டு மகளுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இருபத்திரண்டு வருசமாக வீட்டிலேயே இருக்கிறவளுக்கு, தன்னையும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்பது தெரிய ஒரு சிலிண்டர்க்காரன் வர வேண்டியிருந்தது.

பதினைந்தாம் தேதி காசிமாயன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். “வாடிப்பட்டி எடம். ரைஸ்மில், ரெண்டு அறுப்பு மிஷினு. பதினெட்டாம் தேதி பத்தரைக்கு மேல பொண்ணு பாக்க வாராக. புடிச்சுப்போனா அன்னைக்கே பூ வச்சிருவம்.”

பீரோக் கதவில் இருந்த இரண்டு கோடு முருகம்மாளின் கண்முன் வந்தது. அன்னைக்குப் பரீட்சைங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். “சரிங்க” என்றுதான் வந்தது. பின்கட்டு அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகள் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்காக முருகம்மாள் தன்னையே மூன்று நாள் திட்டிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் தேதி காலை, கட்டிலில் புதுப் பட்டு விரித்தபடி கிடந்தது. ஒன்பதரை ஆகியும் தமிழ்ச்செல்வி எழவில்லை. சாயம் போன நைட்டியில், தலை சிலும்பிக் கிடக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நாலு நாளில், அழுத அந்த முதல் மூன்று நாள் போக, ஒருநாள்கூட அவள் அப்படி இருந்ததில்லை. பீரோக் கதவைத் துடைத்துவிட்டிருந்தாள்.

“எந்திரி ஆத்தா. பஸ்ஸு வந்துரும்” என்றாள் முருகம்மாள்.

“காலேஜ மூடியாச்சும்மா.”

அழுகை இல்லை, கோபம் இல்லை. அந்தக் குரலில் எதுவுமே இல்லை. முருகம்மாளின் கண் அவளை அறியாமல் மேலே மின்விசிறிக்குப் போய்விட்டுத் திரும்பியது. அப்படி நினைத்ததற்காகவே தன் வாயில் அடித்துக்கொண்டாள். பூட்டுப் போட்ட வீட்டில் இவளை இத்தனை நாள் நிமிர்த்தி வைத்திருந்தது அந்த மையும் ஜிமிக்கியும்தான். அது போய்விட்டால் பட்டைச் சுற்றி யாரைக் கொண்டுபோய் உட்கார வைப்பது?

காசிமாயன் எட்டிப் பார்த்தார். “சோடிச்சு ரெடியா வையி. இந்த மனையெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, அந்த மேப்பப் பாத்து வந்தாகன்னா கம்மாய்க்குள்ள போயிருவாக. நான் மெயின் ரோட்டுல நின்னு கூட்டியாரேன்.” வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று பூட்டைக் கழற்றி, சாவியோடு செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பைக் சத்தம் தேய்ந்தது. முருகம்மாள் அடுப்படிக்குப் போனாள். கேசரிக்குப் பக்கத்தில், விடியற்காலையில் கை பழக்கத்தில் கிளறி வைத்த எலுமிச்சைச் சோறு இருந்தது. டிபன் பாக்ஸில் அடைத்தாள். நீலச் சுடிதாரை எடுத்தாள். மகள் பத்து நாளுக்கு முன்பே இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை மடித்து, ரெக்கார்டு நோட்டோடு பைக்குள் வைத்தாள். அரிசி டின்னுக்குள் இருந்த ஐந்நூறு ரூபாயையும் எடுத்தாள்.

“வெளையாடாதம்மா” என்றாள் மகள், திரும்பாமலே.

“வெளையாடல. வெளிக் கதவு தொறந்திருக்கு.”

தமிழ்ச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஐந்து நிமிசம்தான். தலையை இவள் வாரினாள், சுடிதாரை அவள் மாட்டினாள். செருப்பைப் போட்டவள் மறுபடி ஓடிவந்து கண்ணுக்கு மை வைத்துக்கொண்டாள். “இப்ப இது தேவையாடி?” என்று முருகம்மாள் பதறினாள், உள்ளுக்குள் உயிர் வந்தது.

“மெயின் ரோட்டுப் பக்கம் போகாத. காலி மனைக்குள்ள குறுக்க விழுந்தா நரசிங்கம் ரோடு. ஆட்டோ நிக்கும்.”

“உன்னய அடிப்பாரும்மா.”

“நீ போ. நேரமாச்சு.”

கருவேலஞ்செடிகளுக்கு நடுவே நீலச் சுடிதார் மறைந்தது. முருகம்மாள் கட்டிலில் கிடந்த புதுப் பட்டை மடித்து வைத்தாள். பிறகு கிளிப்பச்சைப் பட்டை எடுத்து உடுத்தி, கண்ணாடி முன் நின்று, மகள் காட்டிக் கொடுத்தபடி கொண்டையைத் தூக்கிப் போட்டாள்.

வாடிப்பட்டிக்காரர்கள் ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். காபித் தட்டை நீட்டியபோது, பாதி உரிந்த நகச்சாயத்தை மாப்பிள்ளையின் அம்மா பார்த்தாள். இந்த முறை முருகம்மாள் விரல்களை மடக்கவில்லை.

“பொண்ணக் கூப்பிடுங்க மதினி, நல்ல நேரத்துலயே பாத்துருவம்.”

காசிமாயன் கண்ணால் பின்கட்டைக் காட்டினார். முருகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

“பொண்ணு காலேஜுக்குப் போயிருக்கா. இன்னைக்குப் பரீட்ச. நாலரைக்கு வந்துருவா.”

காசிமாயன் பாதி எழுந்தார். முகம் கறுத்தது, பிறகு விருந்தாளிகள் இருப்பது நினைவுக்கு வந்து பல்லைக் காட்டினார். இவர்கள் கார் ஏறியதும் என்ன நடக்கும் என்று முருகம்மாளுக்குத் தெரியும்.

தெரியாதது வேறொன்று. நாலரைக்கு அவள் வருவாளா? பின்கட்டுக் காலேஜிலிருந்து ஒருநாளும் தவறாமல் வந்தவள். இன்று கையில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறது, மாட்டுத்தாவணிக்குப் போனால் எல்லா ஊருக்கும் பஸ் இருக்கிறது. வராவிட்டால் முருகம்மாள் குறை சொல்ல மாட்டாள். வந்தால், இந்த முறை திறந்துவிட வீட்டில் ஆள் இருக்கிறது. செருப்பு ஸ்டாண்டிலிருந்து எடுத்துக் கொசுவத்துக்குள் செருகியிருந்த சாவி அடிவயிற்றில் உறுத்த, முருகம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பதுதான் ஆகியிருந்தது.