இருபது நொடி ஷெனாய்

கல்யாண மாலையின் கனத்தில் குனிந்த முகம் பாதி நிமிர்ந்தபடி திரையில் நிற்கிறது, கண் இன்னும் மேலே வரவில்லை, படம் ஓடும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடும் அங்கேயே அசையாமல் நிற்கிறது, நான் தட்டினால்தான் அக்கா நிமிர்வாள், காலையிலிருந்து தட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன், படத்துக்கு அடியில் இசைக்கான பட்டை காலியாகக் கிடக்கிறது. மூன்றே நிமிடப் படம், சுகுணா அக்காவும் ராஜமாணிக்கம் சாரும் நேற்றுக் காலை கரூர் பதிவு அலுவலகப் படிக்கட்டில் மாலை மாற்றிக்கொண்டது, அவருடைய அம்மா தாராபுரத்தில் படுத்த படுக்கை, வர முடியவில்லை, சாயந்தரத்துக்குள் அந்த அம்மாவுக்கு அனுப்பியாக வேண்டும்.

வீணையை வைத்துப் பார்த்தேன், கோயில் உற்சவத்தின் நேரலைபோல் ஆயிற்று, புல்லாங்குழல் மருத்துவமனை விளம்பரமாக்கியது, சித்தாரில் ஓட்டல் வரவேற்பறை தெரிந்தது, வயலின் வந்ததும் அக்கா பாவப்பட்டவள் ஆகிவிட்டாள், அவள் அப்படி நிற்கவில்லை, நாதஸ்வரம் வைக்கலாம், ஆனால் மேளமே இல்லாத இடத்தில் மேளச்சத்தம் பொய், இத்தனையும் கழிந்தபின் பட்டியலில் மிச்சம் ஒன்றுதான், திருமணம் என்ற தலைப்பின் கீழ், ஷெனாய், இருபது நொடி, அந்தப் பெயரைத் தாண்டித்தான் என் விரல் பதினாறு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பதினாறு வருஷத்துக்கு முன் இதே முகம் இதேபோல் குனிந்திருந்தது, தாலி ஏறிய நேரம், பக்கத்தில் ஞானசேகரன் மாமா, எடிட்டிங்கில் அது எனக்கு முதல் வேலை, இந்த ஷெனாயைத்தான் வைத்தேன், மறுவாரம் மாமா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், தாலி ஏறுகிறது, ஷெனாய் எழுகிறது, மாமாவின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏங்கண்ணு, எந்தத் தலைவர் செத்துப்போனாருன்னு இதைப் போட்டு வெச்சிருக்கறே, கொடியை அரைக்கம்பத்துல எறக்கியாச்சா என்கிறார், கூடமே சிரிக்கிறது, அவர் சிரிக்கவில்லை, அணைங்க அதை என்றார். மூன்றாம் வருஷம் குளித்தலை ரோட்டில் லாரி மோதி மாமா போய்விட்டார். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார், அன்னைக்கே ஊதிட்டானே. அதன்பின் நானும் அக்காவும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, எத்தனையோ பண்டிகைகளில் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தோம், குழம்பு ஊற்றட்டுமா, போதும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாமலில்லை, நம் பக்கத்தில் டிவியில் ஷெனாய் கேட்டால் யாரோ பெரியவர் போய்விட்டார் என்று அர்த்தம், தெரிந்தேதான் வைத்தேன், சின்ன வயதில் ஒரு தலைவர் இறந்து பள்ளிக்கூடத்துக்கு விட்ட லீவு அதற்குள் இருந்தது, துக்கம் ஞாயிறு வரை நீண்டது, அன்றைக்காவது படம் போடுவார்களா என்று அக்காவும் நானும் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம், ஊதுகிறவர் நிறுத்துவதே இல்லை, நடுவில் ஒரு முறுக்குத் தட்டு, இந்தாளு மூக்கால அழுவறாருடா என்கிறாள், சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறுகிறது, முதுகில் தட்டுகிறாள், அந்தத் தட்டல் இப்போதும் முதுகில் விழுகிறது, திரும்பினால் அக்கா நிஜமாகவே நிற்கிறாள், கையில் சாப்பாட்டுத் தூக்கு, நேற்றைய மருதாணி.

மணி மூணாச்சு, இன்னும் சாப்பிடலையா, என்றவள் திரையைப் பார்த்தாள், காலிப் பட்டையைப் பார்த்தாள், பட்டியலில் என் விரல் நின்ற இடத்தையும் பார்த்துவிட்டாள், மறைக்க நேரமில்லை.  பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நீதான் காரணம்னு நானும் ஒருநாள் நெனச்சேன்டா, ஒரே ஒரு நாள், என்றாள். அப்புறம், என்று கேட்டேன். அப்புறமென்ன, ஊறவெச்ச துணி கெடந்துச்சு, துவைக்கப் போயிட்டேன். திரையில் குனிந்திருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாமியாருக்கு அது சாவு, கேக்கறப்ப எனக்கு முறுக்குதான் ஞாபகம் வரும், உனக்கு?

எனக்கும் அதுதான் என்று தலையை ஆட்டினேன். அதையே போடு, என்றாள். அக்கா, தாராபுரத்துல அந்தம்மா என்ன நெனப்பாங்க, உடம்பு முடியாதவங்க வேற. அவள் கைபேசியை எடுத்தாள், ராஜமாணிக்கம் சாருக்குத்தான், ஏங்க, உங்கம்மாவுக்கு ஷெனாய் ஆகுமா, என்றாள், அவர் என்னவோ சொன்னார், சட்டென்று சிரித்துவிட்டாள், அந்தம்மாவுக்குக் காதே கேக்காதாமாடா, மூஞ்சியைப் பார்த்தாப் போதுமாம். ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்கும் சிரிப்பு வந்தது, வரும்போது கண்ணில் எரிந்தது.

அப்ப யாருக்காகப் போடறோம், என்றேன். நமக்குத்தான், தள்ளு, என்று சொல்லி அவளே கையை நீட்டினாள், மருதாணி விரல் பொத்தானில் விழுந்தது, சிவப்புக் கோடு நகர்கிறது, ஷெனாய் எழுகிறது, படிக்கட்டில் மாலையின் கனத்தில் குனிந்திருந்த முகம் மெல்ல நிமிர்ந்து கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்கிறது, யாரும் அணைக்கவில்லை, இருபது நொடியும் ஓடி முடிகிறது.