ஓடுகிறதா, நிற்கிறதா

ஆகவேதான் உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன், நியாயம் அறிந்தவர்களே, நேர்மையை நேசிப்பவர்களே, வாருங்கள், ஷட்டரை முழுவதும் உயர்த்த வேண்டாம், குனிந்து நுழைந்தால் போதும், நுழைந்ததும் தரைவரை இழுத்து மூடிவிடுங்கள், வெளிச்சம் கசிந்தால் திருடன் உஷாராகிவிடுவான்... இது என் வீட்டின் கார் ஷெட், இது பழைய அலமாரி, அதன் பின்னால் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் நான், எதிரே வெள்ளை நிறத்தில், சாந்த சொரூபியாக, ஒரு பாவமும் அறியாததுபோல் நிற்கிறதே அந்த வண்டி, அதுதான் வழக்கின் பொருள். என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்து இதை வாங்கினேன், யாரோ ஓட்டித் தேய்த்த ஹைபிரிட், பாதி பெட்ரோல், பாதி பேட்டரி, சிக்கனத்தின் சிகரம் என்று புகழ்ந்து என் தலையில் கட்டினார்கள். சிக்கனமா? ஓட்டாத வண்டி பெட்ரோல் குடிக்கும் அதிசயத்தை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? நிறுத்திவிட்டுப் போகும்போது பாதிக்கு மேல் காட்டிய முள், மறுநாள் பார்த்தால் பாதிக்குக் கீழே... வேலைக்கு நான் ரயிலில் போகிறவன், மாலையில் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போய்வருவது ஒன்றுதான் இந்த வண்டிக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு காலையில், அப்படியானால் மீதியைக் குடித்தது யார்? யாரோ நான் அறியாமல் எடுத்து ஓட்டுகிறான். அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். இன்று மதியம் அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, இந்த வீட்டு வாசலை அவனுக்கு நிரந்தரமாக அடைக்கப்போகிறேன், அவன் என் மனைவியின் உடன்பிறந்த தம்பியாகவே இருந்தாலும்.

ஆம், மைத்துனன், அடுத்த தெருவில் வாடகை அறை, எங்கள் வீட்டில் சாப்பாடு... அவன்தான் அந்தப் புரோக்கரை அழைத்துவந்தான், அவன்தான் சிவப்புக் காரின் முதுகைத் தடவிக்கொடுத்து, இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியை வைத்துக்கொண்டு மூன்று பேர் குடும்பம் எப்படி நடத்துவது என்று நீலிக்கண்ணீர் வடித்தான். என் மனைவி ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடம் மூடப்பட்டு அவள் வீட்டோடு இருக்க நேர்ந்த சமயம் அது, ஒரு சம்பளத்தில் அந்தச் சிவப்பு மிருகத்துக்குத் தீனி போட முடியாது என்பதை நானும் அறிவேன், அறிந்தும்... அதன் சத்தம், ஐயா, அந்தச் சத்தம், சாவியைத் திருப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும், சாவியை எடுத்தால் ஒரு உறுமல் உறுமிவிட்டு அடங்கும், அடங்கியது என்பதில் எவனுக்கும் ஐயம் இருக்க முடியாது, அது நேர்மையான வண்டி, ஓடினால் ஓடுகிறேன் என்று சொல்லும், நின்றால் நின்றுவிட்டேன் என்று சொல்லும். இது என்ன சொல்கிறது? புரோக்கர் வாயெல்லாம் பல்லாக இதையே பெருமையாகச் சொன்னான், "சத்தமே வராது சார். ஓடுதா நிக்குதான்னே உங்களுக்குத் தெரியாது." அன்றே விழித்திருக்க வேண்டும் நான், ஒரு பொருளின் ஊமைத்தனத்தைப் புகழ்ந்து விற்பவன் எதையோ மறைக்கிறான் அல்லவா?

என்னை ஏமாற்றுவது அத்தனை எளிதன்று. காப்பீட்டுக் கம்பெனியில் கோரிக்கைகளை விசாரிப்பவன் நான், எரிந்த கடை உண்மையில் எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று மோப்பம் பிடிப்பது என் தொழில், எங்கள் பிரிவின் முதல் பாடமே முதல் பதிலை நம்பாதே, அதே கேள்வியை மறுபடி கேள் என்பதுதான், அந்தப் பாடம் என் எலும்பில் ஊறிவிட்டது, கேஸ் அடுப்பின் குமிழை இரண்டு முறை திருகிப் பார்ப்பேன், வாசல் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன், இந்த வண்டியில் சாவித் துளையே இல்லை, ஒரு பொத்தான்தான், பிரேக்கை மிதித்துக்கொண்டு அதை அழுத்துவேன், ஒரு மாற்றமும் காதில் விழாது, அணைந்ததா இல்லையா என்று எவன் கண்டான், ஆகவே பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இன்னொரு முறையும் அழுத்திவிட்டுத்தான் இறங்குவேன், உறுதிக்கு உறுதி. இறங்கிக் கதவைச் சாத்தினால் கீச் கீச்சென்று கத்தும், மகள் சிரிப்பாள், "அப்பா, கார் உங்களைக் கூப்பிடுது." இந்தக் காலத்து இயந்திரங்கள் எல்லாமே எதற்காவது கத்திக்கொண்டுதான் இருக்கின்றன, குளிர்சாதனப் பெட்டி கத்துகிறது, துவைக்கும் இயந்திரம் கத்துகிறது, எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தால் மனிதன் எப்போது சாப்பிடுவது? ரிமோட்டை அமுக்கினால் பூட்டுவதும் இல்லை, பழுதான பூட்டு, அதையும் மறைத்துத்தான் விற்றான், ஷட்டரை மூடிவிடுவதால் போகட்டும் என்று விட்டேன்.

தடயங்களைக் கேளுங்கள். வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்துக் குடையை எடுக்க இந்த ஷெட்டுக்கு வந்தவன் தற்செயலாகப் பானெட்டில் கை வைத்தேன், சூடு, சற்றுமுன் ஓடிய வண்டியின் சூடு, நானோ அதை நிறுத்திவிட்டுப் போய் ஒரு மாலைப்பொழுதே கழிந்திருந்தது. மீட்டரைப் பார்த்தேன், நான் விட்டபோது இருந்த அதே எண், ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை, இங்கேதான் அவனுடைய கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது, மீட்டரைத் திருப்பி வைக்கும் வித்தை தெரிந்த புரோக்கர் அவனுக்குச் சிநேகிதன் அல்லவா? சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி, சுற்றிவளைக்காமல், வண்டியை எடுத்தாயா என்று கேட்டேன், இல்லை என்றான், மறுபடி கேட்டேன். "மாமா, ஆபீஸ்ல சந்தேகப்படுறதுக்குச் சம்பளம் தராங்க, சரி. வீட்ல எதுக்கு ஓவர்டைம் பாக்குறீங்க?" என்றான் அந்தப் பயல். என் மனைவி சிரித்தாள். சிரித்தவள் உடனே நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள், அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன், அந்த அழுத்தலையும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது சாவி எங்கே என்று அவளைக் கேட்டேன். "ட்ராயர்லதான் இருக்கு. வேணும்னா வழக்கம்போல ரெண்டு தடவை பாத்துக்கோங்க. கல்யாணத்துக்குச் சம்மதம்னு நான் சொன்னதையே ரெண்டு தடவை கேட்டவர்தானே நீங்க." போய்ப் பார்த்தேன், இருந்தது, மறுபடி போய்ப் பார்த்தேன், இருந்தது, அப்படியானால் கள்ளச்சாவி செய்துவிட்டார்கள், வேறென்ன?

செய்துவிட்டார்கள் என்றா சொன்னேன், செய்துவிட்டான் அல்லவா... இல்லை, பன்மைதான், என் வாய் என்னைவிட முந்திக்கொண்டது. ஏனென்றால் இந்த வண்டி வந்ததிலிருந்து இவளும் சரியில்லை, எதைக் கேட்டாலும் தலைவலி, மதியம் படுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கும் எழுவதில்லை, கேள்விகளிலிருந்து தப்பிக்கத் தலைவலியைவிட வசதியான போர்வை உண்டா, எத்தனை பேரை என் நாற்காலிக்கு எதிரே பார்த்திருக்கிறேன், விசாரணை நெருங்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்பவர்களை... இன்றும் அப்படித்தான், காலையில் நீச்சலிலிருந்து வந்து, வண்டியை நிறுத்தி, ஷட்டரை இழுத்துவிட்டு, உணவருந்தியபின், நான் வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று அறிவித்தேன், அறிவித்துவிட்டு அவள் முகத்தை ஆராய்ந்தேன், மகிழ்ச்சி தெரிகிறதா என்று, அவள் "சரிங்க, எனக்குத் தலை பாரமா இருக்கு, கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்று படியேறிப் போய்விட்டாள், இந்த ஷெட்டுக்கு நேர் மேலேதான் படுக்கையறை, மகளும் பின்னாலேயே போனாள், பகலில் தூங்கென்றால் வீட்டையே இரண்டாக்குகிறவள், சொல்லாமலே போய்ப் படுத்துக்கொண்டாள். மகளையுமா கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்? நான் உள்பக்கக் கதவு வழியாக ஓசைப்படாமல் நுழைந்து, அதை ஒருக்களித்துவிட்டு, இதோ, உங்களோடு.

இன்னும் வரவில்லை. பொறுங்கள். மேலே ஒரு சத்தமும் இல்லை, கட்டில்கூட முனகவில்லை... சிவப்புக் காரை வெளியே எடுக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து கத்துவாள், "ஷட்டரைத் தூக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, புகையெல்லாம் மேல வருது", அந்தக் கத்தலை இப்போது கேட்டு எத்தனை நாளாகிறது, இந்த வண்டிக்குத்தான் புகையும் இல்லை, சத்தமும் இல்லையே, கத்துவதற்கும் காரணம் இல்லாமல் போயிற்று... வண்டியின் கண்ணாடியில் ஏதோ பச்சையாக ஒளிர்கிறது, வெளிச்சத்துளை வழியாக விழும் வெயிலாக இருக்கும், வெயில் பச்சையாக விழுமா என்ன, யோசிக்கக் கஷ்டமாக இருக்கிறது, எனக்கே நெற்றியில் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல்... சாப்பாடு அதிகமாகிவிட்டதோ, அல்லது சாப்பாட்டில் ஏதேனும்... சீ, இது என்ன நினைப்பு, ஆனாலும் ஒரு விசாரணையாளன் எந்த நினைப்பையும் பாதியில் தள்ளக்கூடாது, அவள் பரிமாறினாள், தானும் அதையே உண்டாள், மகளும் உண்டாள், ஆகவே அது இல்லை, அவர்களுக்கும் தலை பாரம், எனக்கும் தலை பாரம், மூவருக்கும் பொதுவாக இந்த வீட்டில் இருப்பது எது... கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் கைக்கெட்டாமல் மிதக்கிறது...

அப்போதுதான் எஞ்சின் ஓடத் தொடங்கியது.

தானாக, தோழர்களே. ஒரு சிறு நடுக்கம், பிறகு மெல்லிய முணுமுணுப்பு, அலமாரியின் பின்னாலிருந்து பாய்ந்தேன், பிடித்துவிட்டேன் என்று கத்தியதாக நினைவு, வண்டிக் கதவைத் திறந்தேன், கூட்டாளி எங்கிருந்தோ ரிமோட்டில் இயக்குகிறான் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், ஓட்டுநர் இருக்கை காலி, பின்னிருக்கையில் மகளின் ஈரத் துண்டு, டேஷ்போர்டில் பச்சை எழுத்தில் 'ரெடி' என்று ஒரு சொல்... வண்டி நிற்கவே இல்லை. காலையிலிருந்து நிற்கவே இல்லை. பேட்டரி குறையும்போதெல்லாம் தானே எஞ்சினை எழுப்பிக்கொள்கிறது, நிரம்பியதும் தானே அணைத்துக்கொள்கிறது, குறைந்ததும் மறுபடி எழுப்பிக்கொள்கிறது, மூடிய ஷட்டருக்குள், படுக்கையறைக்குக் கீழே, எத்தனை நாளாக... முதல் அழுத்தலில் அது அணைந்துதான் போனது, இரண்டாவது அழுத்தலில் நான்தான் உயிர் கொடுத்தேன். பெட்ரோலைக் குடித்தவன் எவனும் இல்லை, மீட்டரைத் திருப்பியவன் எவனும் இல்லை, பூட்டும் பழுதில்லை, ஓடும் வண்டியைப் பூட்ட மறுத்தது, கீச்சென்ற அந்தக் கத்தல் என்னைத்தான் கூப்பிட்டது. எஞ்சின் கக்கும் நிறமில்லாத, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சுக் காற்று எப்படிக் கொல்லும் என்று கோப்புகளில் நான் படித்திருக்கிறேன், தூக்கத்தில் சிரித்த முகத்தோடு கிடப்பார்களாம், தலைவலி என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பார்களாம்...

பொத்தானை அழுத்தினேன், ஷட்டரைத் தூக்கினேன், வெயில் முகத்தில் அறைந்தது, படிகளில் கையை ஊன்றி ஏறினேன். சன்னலைத் திறந்தேன். மகளைத் தோளில் போட்டேன், ஈரமான தலை, கனம், இவ்வளவு கனமா இவள், கன்னத்தைத் தட்டினேன், முனகினாள், அந்த முனகலைப்போல் ஓர் இன்னிசையை நான் கேட்டதில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். வாழ்நாள் முழுவதும் எதையும் இரண்டு முறை கேட்டவன் நான், மூன்றாவது முறை கேட்க நேர்ந்தது அப்போதுதான். கண்ணைத் திறந்தாள், திறந்தும் என்னை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது, இழுத்துக்கொண்டுதான் வந்தேன், ஒரு கை அவள் இடுப்பில், ஒரு கை மகளின் முதுகில், முற்றத்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து ஆம்புலன்சுக்குச் சொன்னேன், மகள் வாந்தியெடுத்தாள், பிறகு அழுதாள், அழட்டும், நன்றாக அழட்டும். மனைவி திறந்துகிடந்த ஷெட்டையும் கவிழ்ந்துகிடந்த டப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மாட்டினானா உங்க திருடன்?"

உன் தம்பிக்குப் போன் செய் என்றேன், எதற்கு என்றாள், வரச் சொல் என்றேன், ஒரே முறைதான் சொன்னேன். ஆனால் இங்கே நிற்கும்போதே என் விரல் துடிக்கிறது, ஷெட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, சத்தம் வராதது எதற்கும் சாட்சி இல்லை என்று இப்போது அறிவேன், ஷட்டரைத் தூக்குமுன் அந்தப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேனா, அல்லது வழக்கம்போல்... நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பார்க்கப் போனால் அழுத்துவேன், அழுத்தினால் மறுபடி அழுத்துவேன், என்னையே நம்பாத இந்தக் கையை எந்த வாசலுக்கு வெளியே நிறுத்துவது? சாட்சிகளே, நான் அழைத்தேன் என்று வந்து, நான் சொன்னேன் என்று ஷட்டரையும் இழுத்து மூடினீர்களே, இன்னும் அங்கேயே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்திருங்கள். தீர்ப்பு அப்புறம் ஆகட்டும். உங்கள் வீட்டில் ஓசையில்லாமல் நிற்பதை எல்லாம் நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள், ஓசையில்லாமல் படுத்திருப்பவர்களை எல்லாம் உறங்குகிறார்கள் என்று எண்ணாதீர்கள், தலை வலிக்கிறது என்று சொன்னவளை முதல் முறையே நம்புங்கள், போய் அந்தச் சன்னலைத் திறந்துவிடுங்கள், மாடியில் இருப்பவர்களைத் தட்டி எழுப்பி வெயிலுக்கு அழைத்துவாருங்கள், இப்போதே, அதற்குப் பிறகு வந்து என்னை விசாரியுங்கள்.