உள்ளங்கைத் திரைக்கு எழுதிய வசனம்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சோற்றையும் முடித்து, ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று பாயை விரித்தார் காஜா நவாஸ். மகள் சுஹா வந்து சொன்ன ஒரு செய்தியில் அந்தத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"வாப்பா, உம்மாவுக்கு ரொம்பப் புடிச்ச அந்த ரயிலு படம் நெட்டுல வந்துருக்கு. காது கேக்காதவங்களுக்குன்னே தமிழ்ல எழுத்தும் போட்டுருக்காங்க. இன்னைக்கு டிவில உம்மாவுக்குக் காட்டப் போறேன்."

"எந்த ரயிலு படம்?" என்று கேட்டார் நவாஸ், தெரியாதவர் போல.

சுஹா பெயரைச் சொன்னாள். பெயர் நமக்கு எதற்கு? கதாநாயகன் கடைசியில் கதாநாயகியை விட்டுவிட்டு ரயிலேறிப் போகும் படம், கீழக்கரையில் பார்க்காதவர்கள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நெட்டு மெதுவால்ல இருக்கும்?" என்றார் நவாஸ். "இந்த வெயில்ல டிவி போட்டா சூடாயிரும்" என்றார். பதினோரு வருடமாகச் செல்போன் கடை வைத்திருக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது? சுஹா காதில் வாங்கவே இல்லை. அவர் மெல்ல எழுந்து போய் மோடத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு, பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். சுஹா உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் போனிலிருந்தே டிவிக்கு நெட்டைக் கொடுத்துவிட்டாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளையிடம் வயரைப் பிடுங்கி என்ன சாதிக்க முடியும்?

மனைவி சபியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவிக்கு எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே படத்துக்கு, இதே சபியாவுக்காக, நவாஸும் தமிழில் எழுத்துப் போட்டிருந்தார். அதில் பாதிக்கு மேல் பொய்.

சபியாவுக்கு எட்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு நின்றுவிடவில்லை. குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது, ஒரே சீராகப் போகும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான இரண்டாம் வருடம் நவாஸ் சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். சவூதியில், தம்மாமில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கம்பெனி அறையில் அவரோடு தங்கியிருந்த பதினோரு பேரும் ஆளுக்கொரு மூலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சிரிப்பு என்ன, சண்டை என்ன, சமாதானம் என்ன! நவாஸ் மட்டும் துணி துவைப்பார். எஸ்எம்எஸ் அனுப்பலாம். அனுப்பவும் செய்தார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, சாப்பிட்டியா, புள்ள தூங்கிட்டாளா என்று ஒரு மனிதன் எத்தனை தடவைதான் கேட்பான்?

ஒருநாள் சபியாவிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. 'பக்கத்து வீட்டில் எல்லாரும் படம் பார்த்துச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியவில்லை.'

நவாஸ் அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மறுவாரமே அறையில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி, இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரை இறக்கினார். அதற்கு ஒரு கையில் படத்தைக் கொடுக்க வேண்டும், மறு கையில் வசனத்தைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வசனமும் எந்த நொடியில் வர வேண்டும், எந்த நொடியில் போக வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். இரண்டையும் ஒட்டி, செல்போன் திரைக்குத் தக்கபடி சுருக்கிக் கொடுத்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? முதல் தடவை தமிழ் வர வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. சரியான எழுத்துருவைத் தேடிப் போடுவதற்குள் ஒரு வாரம் போனது. அடுத்த தடவை எழுத்து பெரிதாகிக் கதாநாயகியின் முகத்தை மறைத்தது. சபியாவிடம் இருந்தது நோக்கியா போன், திரை உள்ளங்கையில் பாதி. இரண்டு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல், அதற்கு மேல் தாங்காது என்று கண்டுபிடித்தார். படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டு, தட்டி, மறுபடி ஓடவிட்டு... ஆயிரத்து இருநூறு வசனம். முதல் படம் முடிய நான்கு வெள்ளிக்கிழமை ஆனது.

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் ஒவ்வொருத்தரும் இரண்டு கிலோ கொடுத்துவிடலாம் என்பது அந்த அறையின் வழக்கம். மற்றவர்கள் சோப்பு, பால்பவுடர், தைலம் என்று நிறுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். நவாஸ் கொடுத்தது நகத்தளவு மெமரி கார்டு. அறையில் மூத்தவரான மீரா சாகிபு காக்கா, "ஏலே, உன் ரெண்டு கிலோவுல மிச்சத்த நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லித் தன் பேரனுக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கி நிரப்பிக்கொள்வார்.

மூன்றாவதாகச் செய்ததுதான் இந்த ரயில் படம். மீரா சாகிபு காக்கா அன்று மாலையில் ஊருக்குக் கிளம்புகிறார், இடைவேளை வரைதான் வசனம் முடிந்திருக்கிறது, லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனது. நவாஸ் தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கார்டை அனுப்பாமல் விட்டால் அடுத்து ஆள் போக இரண்டு மாதம் ஆகும். சபியா காத்திருப்பாள்.

படத்தில் வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. அப்போதுதான் நவாஸுக்கு உறைத்தது, ஊரில் அவளுக்கு எப்போதும் இப்படித்தானே இருக்கும்! கதை அரைகுறையாக ஞாபகம் இருந்தது. அசைகிற வாய்க்கெல்லாம் அவராகவே வசனம் எழுதினார். முதலில் கதைக்கு ஒட்டி எழுதினார். போகப் போகக் கதை எங்கேயோ போனது, நவாஸ் எங்கேயோ போனார். கடைசியில் ரயில் நிலையத்தில் அந்தக் கதாநாயகன் சொன்னான்: 'நீ கேட்காவிட்டாலும் பரவாயில்லை. நான் பேசிக்கொண்டே இருப்பேன். எனக்குப் பேச ஆள் நீதான்.'

பத்து நாள் கழித்துச் சபியாவின் எஸ்எம்எஸ் வந்தது. 'படத்தில் முதல் பாதி சுமார். ரெண்டாவது பாதியில் அந்த ஆள் பேசியது எல்லாம் நல்லா இருந்தது. நாலு தடவை பார்த்தேன்.'

அப்புறம் நவாஸைப் பிடிக்க முடியுமா? லேப்டாப்பில் சத்தம் சரியான பிறகும் அவர் அதைக் கேட்கவில்லை. இருபத்தோரு படம் அப்படிச் செய்தார். பட்டணத்தில் கார் ஓட்டுகிற கோடீஸ்வரன் தன் காதலியிடம் கீழக்கரை இனிப்பான தொதல் கிண்டித் தரச் சொன்னான். கத்தியோடு வந்த வில்லன், 'பிள்ளைக்குச் சளி விட்டதா?' என்று விசாரித்தான். நீதிபதி, 'மீன் ஆயும்போது கையை வெட்டிக்கொள்ளாதே' என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள், "அந்தப் படத்துல அப்படி வசனமே இல்லையே புள்ள" என்று சொல்லப்போக, "ஒங்களுக்கெல்லாம் காது சரியில்ல" என்று சபியா அடித்துச் சொல்லிவிட்டாளாம். அதையும் எஸ்எம்எஸ்ஸில் எழுதியிருந்தாள். நவாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த வெள்ளிக்கிழமைகளைப் போல ஒரு காலம் அவருக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. ஏசியின் இரைச்சல், சமையல்கட்டிலிருந்து வரும் கறி வாசம், மூலைக்கு மூலை கேட்கும் போன் பேச்சு, நடுவில் மேல்படுக்கையில் மடியில் லேப்டாப்போடு நவாஸ். அவரும் தன் மனைவியோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கும் கடையில் யாராவது பழைய பட்டன் போனைக் கொண்டுவந்து கொடுத்தால், அந்தச் சின்னத் திரை வெளிச்சத்தைப் பார்த்து ஒரு நிமிடம் சும்மா நிற்பார். சபியாவின் நோக்கியா தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து எப்போதோ போய்விட்டது. கார்டும் அதோடு சரி.

ஆனால் சபியா படத்தை மறக்கவில்லை. சுஹாவுக்குச் சம்பந்தம் பேசி யாராவது வந்தால், "அந்த ரயிலு படத்துல வர்ற மாதிரி மனசுவிட்டுப் பேசுற புள்ளையாப் பாருங்க" என்பாள். அப்போதெல்லாம் நவாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கேட்டுச் சரிபார்க்க வழியில்லாத ஒருத்தியை, கட்டிய புருஷனே ஏமாற்றினான் என்று தெரிந்தால் அவள் என்ன நினைப்பாள்? அந்தப் பயம்தான் இப்போது டிவி முன்னால் அவரை உட்காரவும் விடாமல் நிற்கவும் விடாமல் செய்தது.

படம் ஓடியது. முதல் பாதி முழுக்கச் சபியா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தாள். இடைவேளைக்குப் பிறகு தலை ஆடவில்லை. ரயில் நிலையம் வந்தது. கதாநாயகன் கதாநாயகியைப் பார்த்தான். கீழே எழுத்து வந்தது: 'நேரமாச்சு. உடம்பைப் பார்த்துக்க.' ரயில் கிளம்பிவிட்டது.

சபியா ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினாள்.

"இவ்வளவுதான் பேசுனானா?" என்று மகளைக் கேட்டாள்.

சுஹா அம்மாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி, "ஆமா உம்மா. அவ்வளவுதான். ஏன்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ போயி டீ போடு."

சுஹா ஒன்றும் விளங்காமல் எழுந்து போனாள். நவாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபியா அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"எனக்கு அப்பவே தெரியும் மச்சான். கோடீஸ்வரன் எங்கன போயித் தொதல் கேப்பான்?"

நவாஸுக்கு உயிர் திரும்பி வந்தது. இத்தனை வருடம் சுமந்த பயம் ஒரு நொடியில் இறங்கியதில் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தார். சபியா சிரிக்கவில்லை.

"அந்த ஆளு பேசுனதப் படிச்சுப் படிச்சுத்தான் நீங்க இல்லாத வருஷத்தயெல்லாம் ஓட்டுனேன்" என்றாள், அதே ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். "நீங்க ஊருக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. அந்த ஆளு இன்னும் வந்து சேரல."

நவாஸின் சிரிப்பு நின்றது. இந்த வாரம் அவளிடம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு செய்தி அனுப்பியிருந்தார். மீன் வாங்கவா. கேஸ் வந்ததா. வர நேரமாகும். சுஹாவிடம் சாவியைக் கொடுத்துவிடு. வீட்டில் இருக்கும்போது கையைக் காட்டினால் தண்ணீர் வரும், தட்டைத் தள்ளினால் சோறு வரும். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தபோது வாய் ஓயாத மனிதர், மூன்றடி தள்ளி உட்கார்ந்து இத்தனை காலம் ஊமையாக இருந்திருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது.

"சபியா," என்று ஆரம்பித்தார். "அங்கன இருக்கும்போது ஒன்ன நெனச்சாலே பேச்சு வந்துச்சு. இங்கன நீ எதுக்கவே இருக்கியே, எங்கயும் போயிற மாட்டியேன்னு..."

சபியா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். "என்ன சொல்றீங்க? தெரியல."

அவர் மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து மறுபடி சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். விரலைத் தன் மேலுதட்டில் வைத்துக் காட்டினாள்.

"மீச மறைக்குது."

மக்காவுக்கு உம்ரா போய்விட்டு வந்த வருடம் விட்ட தாடியோடு சேர்ந்து வளர்ந்த மீசை அது. மீசையை ஒட்டக் கத்தரித்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளிவாசலில் எத்தனையோ பேர் சொன்னார்கள். சோம்பேறித்தனத்தில் அப்படியே விட்டது, வாயை மூடிக்கொண்டு தொங்கியது.

நவாஸ் போனை எடுத்து அவசரமாகத் தட்டிக் காட்டினார்: 'மீசை விட்டு ஏழு வருஷம் ஆச்சே! இத்தனை நாளா ஏன் சொல்லவில்லை?'

சபியா படித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்க பேசியிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

நவாஸ் எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று கத்தரிக்கோலை எடுத்தார். அவசரத்தில் மீசை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போனது. உதட்டோரம் லேசாக ரத்தம்கூட வந்தது. துடைத்துவிட்டு வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி அவளுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது" என்றாள் சபியா. "பேசுங்க."