வீட்டுக்கு ஓர் ஆள்

1970 செப்டம்பரில் தஞ்சாவூரின் எதிர்காலமே என் கையில்தான் இருந்தது. நம்பாதவர்கள் 'தஞ்சை இளைஞர் சுயமுயற்சி மன்ற'த்தின் லெட்டர்பேடைப் பார்க்கலாம். 'செயலாளர்: ஆர். வெங்கடசுப்ரமணியன், பி.ஏ.' என்று தங்க மையில் அச்சடித்திருக்கும். பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வேலை கிடைக்காதவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே பதவி அது.

மன்றத்தில் நாற்பது பேர். எல்லாரும் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள். நிலம் கிராமத்தில், வீடு நகரத்தில். கோட்டையில் புது ஆட்சி, வயலில் கூலிச் சண்டை, நில உச்சவரம்பு என்று வாரம் ஒரு பீதி. 'அரசாங்கம் எதற்கு, அவரவர் கை இருக்க!' என்பது எங்கள் கொள்கை. ஞாயிறுதோறும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதைத் தீர்மானமாக நிறைவேற்றிவந்தோம்.

நாலுகால் சந்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. மழைத்தண்ணீர் அகழிக்குப் போகும் வழி. பல வருஷமாகத் தூர் வாராமல் வெங்காயத்தாமரை மண்டி, அதன்மேல் ஓர் எருமை கால் நனையாமல் அக்கரை போனதை என் கண்ணால் பார்த்தேன். அங்கே வளர்ந்த கொசுக்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். அவ்வளவு பெரிசு, அவ்வளவு மரியாதை.

நகரசபை உறுப்பினர் செல்லத்துரை ஆளுங்கட்சிக்காரர். நகரசபை தூங்குகிறது என்று நான் நோட்டீஸ் அடித்ததும் மன்றத்துக்கே வந்துவிட்டார்.

"ஐயரே, கைதான் இருக்குன்னு சொல்றீங்களே, ஒரே நாள்ல, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, அந்த வாய்க்காலை வாரிக் காட்டுங்க. தோத்துட்டேன்னு மைக் வச்சுச் சொல்றேன். முடியலேன்னா இந்தப் போர்டைக் கழட்டிரணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். தலைவர் பட்டாபிராமன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கிராமத்தில் மழைக்கு முன்னால் வாய்க்கால் வாருவதற்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அதன்படி சுற்றறிக்கை அனுப்பினேன்: 'ஞாயிறு காலை ஏழு மணி. உறுப்பினர் வீட்டுக்கு ஓர் ஆள் தவறாமல்.'

ஒருவரும் தவறவில்லை. ஏழு மணிக்கு நாற்பது ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். நாற்பதும் பண்ணையாட்கள். எங்கள் வீடுகளில் 'ஆள்' என்றால் அதுதான் பொருள். எந்த மிராசுதார் மகன் தன்னை ஆள் என்று நினைத்தான்? உறுப்பினர் என்று வந்தவன் நான் ஒருவன்தான்.

பட்டாபிராமன் வீட்டு ஆளாக வந்தவள் எல்லையம்மாள். ஐம்பது வயது, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்வரிசை.

"சாமின்னா எங்க சங்கம் கோவிச்சுக்கும், தோழர்னா நீங்க கோவிச்சுக்குவீங்க. தம்பின்னு வச்சுக்கறேன். அந்தத் துணியில என்ன எழுதியிருக்கு, படிங்க தம்பி."

கரையில் நான் கட்டியிருந்த பேனரைப் படித்தேன். "நம் கையாலே நம் நகரம்."

"ஏம்ப்பா, அந்தக் கை ஏதாச்சும் வந்திருக்கா?" என்று ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு வந்திருக்குக்கா. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிது" என்றார் மாரியப்பன். அவர் எங்கள் வீட்டு ஆள். ஆமாம், நானும்தான் சொல்லியனுப்பியிருந்தேன்!

"வேலைக்குக் கூப்பிடறதுன்னா சங்கத்துல பேசிக் கூப்பிடுங்க, வர்றோம். இது உங்க கை வேலை. மத்த கையெல்லாம் வரட்டும்" என்றாள் எல்லையம்மாள்.

"வரமாட்டாங்களே" என்றேன். மனக்கண்ணில் செல்லத்துரை ஏணியோடு நின்றார்.

"வருவாங்க. அடுத்த வாரம் குறுவை அறுப்பு."

மாரியப்பன் தவிர முப்பத்தொன்பது பேரும் முப்பத்தொன்பது வீட்டுக்குப் போனார்கள். வாய்க்காலுக்கு வந்தால் அறுப்புக்கு ஆள் உண்டு, வராவிட்டால் கதிரோடு நீயே பேசிக்கொள். இவ்வளவுதான் செய்தி. ஒன்பது மணிக்குள் முப்பத்தொன்பது மிராசுகளும் ஆஜர். ஒருவனை நெல் குதிருக்குள்ளிருந்து எடுத்தார்களாம். பட்டாபிராமன் பாதி தோசையோடு வந்தான்.

"டேய் வெங்கட்டு, அநியாயம்டா! எங்காத்து ஆள் என்னை அதட்டறாடா!"

"தலைவரே, மம்பட்டி என்ன விசிறியா, ஆட்டிக்கிட்டு நிக்கிறீங்க? குனிங்க! இன்னும்! இடுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றாள் எல்லையம்மாள்.

கரையில் உட்கார்ந்து பண்ணையாட்கள் வெற்றிலை போட்டபடி வகுப்பு நடத்தினார்கள். அன்று நாங்கள் வாரிப் போட்ட சேற்றில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கோபுரமே எழுப்பலாம். பகல் இரண்டுக்குக் கொப்புளம் வராத கை ஒன்றுகூட இல்லை. நாலுக்கு இன்னும் பத்தடி பாக்கி. மன்றமே மல்லாந்து கிடந்தது.

மனசு தாங்காமல் மாரியப்பன் மண்வெட்டியோடு இறங்கினார். எல்லையம்மாள் அவர் துண்டைப் பிடித்தாள்.

"இருய்யா. நீ தொட்டா அந்தப் பிள்ளை தோத்துப்போயிரும்."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ வீரம்! கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். பட்டாபிராமனும் முனகிக்கொண்டே எழுந்து வந்தான். மணி ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி அடைப்பு உடைந்தது. தண்ணீர் பாய்ந்து, எங்கள் இருவரையும் அகழிவரை வழியனுப்பிவைத்தது.

செல்லத்துரை சொன்ன சொல் தவறவில்லை. "அரசாங்க ஆள் ஒருத்தர்கூட இல்லாம இந்தப் பிள்ளைங்க செஞ்சுட்டாங்க. நான் தோத்துட்டேன்!" என்று மைக்கில் சொன்னார். சந்து முழுக்கக் கைதட்டல். போர்டு பிழைத்தது, என் பதவியும் பிழைத்தது.

மறுநாள் காலை மன்றத்தின் அவசரக் கூட்டம். பட்டாபிராமன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். நகரத்தின் எல்லா வாய்க்கால்களையும் வருஷாவருஷம் தூர் வார, நல்ல சம்பளத்தில், நிரந்தரமாக, அரசாங்கமே ஆள் போடவேண்டும். மன்ற வரலாற்றில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

செயலாளர் என்ற முறையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லத்துரை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் பி.ஏ., எம்.ஏ.ன்னு சொன்னீங்களே. பதினோரு கைநாட்டு இருக்கே ஐயரே?"

"பேனா பிடிக்க விரல் மடங்கலை சார்" என்றேன்.